அப்பாவுக்குப் பக்கத்தில் இடம்

என் நாவலில் எல்லோரும் பாராட்டுகிற அத்தியாயம், நான் ஒருநாளும் கால் வைக்காத ஓர் இடத்தில் நடக்கிறது. அடைமழை. ஒரு கூலிக்காரரின் பாடையைத் தூக்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போகிறார்கள். இடுகாட்டுக்குப் பாதை கிடையாது. நடுவில் கிடப்பதெல்லாம் புதிதாக நட்ட வயல். அதைச் சாகுபடி செய்கிறவர் குடையோடு வந்து நிற்கிறார். என்ன சொல்லப்போகிறாரோ என்று சுமக்கிறவர்கள் தயங்க, அவரே சேற்றில் இறங்கி, பாடை போகிற அகலத்துக்கு நாற்றைப் பிடுங்கி ஒதுக்கி வழிவிடுகிறார். படித்துவிட்டு அழுததாக எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். எழுதும்போது நானும் அழுதேன். பாடையில் போனது என் அப்பா.

பார்க்காத இடத்தை எப்படி எழுதினாய் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் தெருவில் பிறந்த பெண்களுக்கு அந்தக் கேள்வியே வராது. சாவு வீட்டிலிருந்து பிணம் கிளம்பினால் பெண்கள் தெருமுனை வரைக்கும்தான். அங்கே விழுந்து புரண்டு மாரடித்து அழுதுவிட்டுத் திரும்ப வேண்டும். வீட்டைக் கழுவி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஆண்கள் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் ஈரத் துணியோடு வந்து வாசலில் நின்று, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது" என்பார்கள். அதற்கு மேல் கேட்கக் கூடாது. கேட்டால், போனவரைத் திரும்பக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடுமாம்.

எனக்கு வாய் அதிகம். கருமாதி முடிந்த கையோடு அண்ணனை நோண்டி நோண்டிக் கேட்டேன். அவன், குத்தகைக்காரர் நாற்றைப் பிடுங்கி வழிவிட்டார் என்று இரண்டே வரியில் சொன்னான். அந்த இரண்டு வரியைத்தான் நான் இருபது பக்கமாக்கினேன். மழையின் சத்தம் என்னுடையது, குடை என்னுடையது, சுமந்தவர்களின் தோளில் இறங்கிய சேறு என்னுடையது. நாற்று மட்டும் அண்ணன் கொடுத்தது.

இப்போது நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன பங்குனியில் வாசகர் வட்டம் ஒன்று, நாவலில் வருகிற இடங்களையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. வேன் பேசியாயிற்று, மதியச் சாப்பாட்டுக்குக்கூட ஏற்பாடு ஆயிற்று. வாய்க்கால், மதகு, கடைசியில் அந்த வயல்வழியே நடந்து இடுகாடு. அங்கே வைத்து நான் அந்த அத்தியாயத்தை வாசிக்க வேண்டுமாம். முதலில் நான் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

உண்மையில் நான் போனது அம்மாவுக்காக. மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு போனதிலிருந்து அம்மா படுத்த படுக்கை. அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு மருந்து வேண்டாம், பழம் வேண்டாம், பேரப்பிள்ளைகளின் பேச்சும் வேண்டாம். ஒரே ஒரு கேள்விதான்: அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் தனக்கு இடம் இருக்கிறதா? அண்ணனைக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்பான்.

"எத்தன தடவ கேட்டாலும் பாத்துக்கலாம் பாத்துக்கலாம்ங்கிறான். அவன் வாயில என்னா கொழுக்கட்டையா? நீ படிச்சவ, ஒன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. போயி பாத்துட்டு வா" என்றாள் என்னிடம் போனில்.

"எங்க வச்சா என்னம்மா?" என்று ஒருமுறை எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

"ஏன்டி கேக்கமாட்ட? அவரு வெடியறதுக்கு முன்னாடி ஏரு ஓட்டப் போவாரு. நான் நடவுக்குப் போவேன். அவரு வர்றப்ப நான் அசந்து தூங்கியிருப்பேன். ஒரு நாளு ஒரு பொழுது சேந்தாப்புல ஒக்காந்து சோறு தின்னதில்ல. செத்தாவது அவரு பக்கத்துல கெடக்குறேன்டி. அதுக்கும் வழியில்லையா?"

அதற்கு நான் என்ன சொல்ல? வேளாங்கண்ணி பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர்க் கைகாட்டியில் இறங்கினால் டீக்கடை. அங்கே அவர் உட்கார்ந்திருந்தார், என் நாவலில் குடை பிடித்தவர். எண்பதை நெருங்குகிற வயது, வெள்ளை வேட்டி, பக்கத்தில் ஊன்றுகோல். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். ஊரில் பாதி நிலம் இன்னும் அவர் குத்தகைதான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

"வாங்கம்மா, வாங்க. டீ சாப்பிடுங்க. ஒங்கம்மா எப்படி இருக்கா? எழுந்து நடமாடுறாளா?"

எனக்கு 'வாங்க', என் அம்மாவுக்கு 'இருக்கா'. படித்த படிப்பு எனக்கு மட்டும்தான் 'ங்க' வாங்கிக் கொடுத்தது. எப்போதும் சுருக்கென்று தைக்கும். அன்றைக்கு நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நாற்றைப் பிடுங்கி என் அப்பாவுக்கு வழிவிட்ட மனுஷர். கடைக்காரரிடம் அவர் என்னைக் காட்டி, "நம்மளப் பத்தி பொஸ்தகமே போட்டிருக்காங்க இவங்க" என்றார். நான் அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். நன்றியோடுதான் குடித்தேன்.

வீட்டுக்குப் போய், இடுகாட்டுக்குப் போக வேண்டும் என்றதும் அண்ணன் முகம் சுருங்கியது. அவனும் இப்போது நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறான். அப்பா நின்ற இடத்தில்தான் நிற்கிறான், ஆனால் கூலிக்காரனாக அல்ல. வீட்டில் அவனுக்கு எப்போதும் ஒரு வேலை இருக்கும்.

"பொம்பளைங்க அங்க எதுக்குப் பாப்பா?"

"அம்மாதான் போகச் சொன்னிச்சு."

"அறுப்பு முடிஞ்ச வயலு. பாம்பு கெடக்கும்."

"நீ முன்னாடி போ. ஒன்னைக் கடிச்சா நான் திரும்பி ஓடிடுறேன்."

சிரிக்கவில்லை. வெயில் இறங்கட்டும் என்றான். இறங்கியதும் மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன் என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணியிடம் பூவும் சூடமும் வாங்கிக்கொண்டு நானே தெருமுனை வரை நடந்துவிட்டேன். அந்தத் தெருமுனையைத் தாண்டி நான் போனதே இல்லை. அப்பா போன அன்று அந்த முனைப் புளியமரத்தடியில்தான் அம்மாவை நாலு பேர் பிடித்து இழுத்துத் திருப்பினார்கள். அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடிவந்தான்.

சம்பா அறுத்த தாள் நடுவே உளுந்து காய்த்துக் கிடந்தது. வயல் காய்ந்து வெடித்திருந்தது. வரப்பு ஒற்றைக் காலுக்குத்தான் காணும். அதில் நடக்கும்போதே எனக்குக் கொஞ்சம் உறைத்தது. இதில் எப்படி நாலு பேர் ஒரு பாடையைத் தூக்க முடியும்? நான் எழுதியதில் வரப்பு இதைவிட அகலம். மாடு ஒன்று தாராளமாக நடக்கும். எழுதுகிறவள் கையில் வரப்பு அகலமாவதற்கு மண் தேவையில்லை.

இடுகாடு ஒரு மேட்டில் இருந்தது. சீமைக்கருவை மண்டி, நுழைகிற இடத்தில் சாய்ந்து கிடக்கும் அரிச்சந்திரன் கல். நாவலில் அதற்கு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நேரில் அது முழங்கால் உயரம்கூட இல்லை. உடைந்த சட்டிகள், வெளுத்துப்போன மாலை நார், ஒன்றிரண்டு சிமென்ட் கல்லறைகள். மீதியெல்லாம் மண்மேடுதான்.

"எது?"

அண்ணன் துண்டால் ஒரு மூலையைக் காட்டினான். முள்ளை ஒதுக்கிக்கொண்டு போனேன். தாழ்ந்துபோன ஒரு மேடு. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் காலியிடம் இருந்தது. காலால் அளந்தே பார்த்தேன். அம்மாவுக்கு அது போதும், அவள் இப்போது பாதி ஆளாகத்தான் இருந்தாள். எனக்கு மனசு ஆறியது. அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் கழித்து அப்பாவின் காலடிக்கு வந்திருக்கிறேன். பூவை வைத்தேன். சூடத்தை ஒரு ஓட்டுச் சில்லில் வைத்துத் தீக்குச்சி கிழித்தேன்.

"அங்க கொளுத்தாத பாப்பா."

"ஏன்? பொம்பள கொளுத்தக் கூடாதா?"

"அதுக்கில்ல." துண்டால் முகத்தைத் துடைத்தான். "அது நம்ம அப்பா இல்ல."

தீக்குச்சி விரலைச் சுட்டது. யார் என்று கேட்டேன். மேலத் தெரு ஆசாமி ஒருவரின் அம்மா என்றான். அப்படியென்றால் அப்பா எங்கே என்றேன். அவன் திரும்பி நடந்தான். நானும் பின்னால் போனேன். பாதிவழியில், இடுகாட்டுக்கும் தெருவுக்கும் நடுவே ஓடுகிற பாசன வாய்க்காலின் கரையில் நின்றான். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. இரண்டு கரையும் கத்தியால் சீவியதுபோல நேராக இருந்தன.

"இங்கதான் வச்சோம்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்க்காமல், வாய்க்காலைப் பார்த்துச் சொன்னான். நானும் குறுக்கே பேசவில்லை. என் ஆயுசில் நான் குறுக்கே பேசாமல் கேட்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அப்பா செத்தது கார்த்திகையில். எங்கே பார்த்தாலும் தண்ணீர். நட்டு வேர் பிடிக்காத வயல். குத்தகைக்காரர் வந்து நின்றது உண்மை. குடை பிடித்திருந்ததும் உண்மை. நான் கற்பனை என்று நினைத்து எழுதிய குடை உண்மையாகவே இருந்திருக்கிறது. "நட்ட வயல்ல காலு வைக்காதீங்கடா. வரப்போட போங்க" என்றிருக்கிறார். எல்லோரும் மறுநாள் அவரிடம் வேலைக்குப் போகிறவர்கள். வரப்போடு போனார்கள். வாய்க்காலைத் தாண்டுகிற இடத்தில் வரப்பு கரைந்து உள்வாங்கியது. முன்னால் தூக்கியவன் சரிந்தான். பாடை கவிழ்ந்தது. அப்பா வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டார்.

"நான்தான் எறங்கித் தேடினேன்" என்றான் அண்ணன். "கட்டு அவுந்துபோச்சு. மூஞ்செல்லாம் சேறு. அந்தத் தண்ணியிலயே கழுவினேன். அதுக்கு மேல யாருக்கும் தெம்பு இல்ல. இருட்டப்போவுது. இந்தக் கரை மட்டும்தான் மேடா இருந்துச்சு. இங்கயே வச்சிடுவோம்னாங்க. நான் சரின்னுட்டேன்."

"தெருவுல அத்தன ஆம்பளைங்களுக்கும் தெரியுமா?"

"தூக்கினவங்களுக்கெல்லாம் தெரியும். அப்பா மட்டுமா? அடமழையில போன எத்தனையோ பேரு இந்தக் கரையிலதான் கெடந்தாங்க. வீட்டுல போயி என்னான்னு சொல்றது? நல்லபடியா முடிஞ்சிதுன்னு சொல்லிக்கிறதுதான். எங்கப்பன் காலத்துலேருந்து அப்படித்தான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு தெருவின் ஆண்கள் எல்லாம் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகப் பிணத்தை மறைத்திருக்கிறார்கள். நாங்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

"எங்கிட்ட ஏன் நாத்தப் பிடுங்கினாருன்னு சொன்ன?"

"நீ விட்டாத்தானே. தொணதொணன்னு கேட்டுக்கிட்டே இருந்த. அப்படி நடந்திருந்தா நல்லாருக்குமேன்னு மனசுல இருந்துச்சு, வாயில வந்துட்டுது. நீ அத பொஸ்தகமா போடுவேன்னு நான் கண்டேனா?" துண்டை உதறித் தோளில் போட்டான். "அத படிச்சப்பறம் எனக்கே அப்படித்தான் நடந்துச்சோன்னு இருந்துச்சு பாப்பா. நல்லா எழுதியிருந்த. நான் ஏன் அத கெடுக்கணும்?"

அவனை அறைய வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. கரையைப் பார்த்தேன். மண்மேடு எதுவும் இல்லை. அப்போதுதான் அந்த நேரான கரை எனக்குப் புரிந்தது.

"இது தூர் வாரின கரைதானே?"

"ம்."

"மிஷின் வச்சா?"

"மேட்டூர் தெறக்கறதுக்கு முன்னாடி வாரிடுவாங்கல்ல. ஒரு வருசம் கரையையும் சேத்துச் சீவிட்டாங்க." நெஞ்சில் சளி கட்டியதுபோல ஒரு செருமல் செருமினான். "கெளம்பு. வெயிலு போயிடுச்சு."

"எலும்பு வந்துச்சா?"

"மண்ணோட மண்ணா போயிடுச்சு. கேக்காத. கெளம்பு."

அந்த நேரம் பார்த்து வாசகர் வட்டத்திலிருந்து போன். இடமெல்லாம் பார்த்துவிட்டீர்களா மேடம், வேனை எதுவரைக்கும் கொண்டுவரலாம் என்று கேட்டார் ஒருவர். "அப்படி ஒரு எடமே இல்லைங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் போனை அணைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகாமல் கைகாட்டிக்கு நடந்தேன். அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான். அவர்கிட்ட போயி எதுவும் கேட்காதே, என் வயலுக்கு அவர் வயலைத் தாண்டித்தான் தண்ணி வரணும் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அன்றைக்கு நியாயம் தேவைப்படவில்லை.

பெரியவர் அதே பெஞ்சில் இருந்தார். நான் உட்காரவில்லை.

"எங்கப்பா பாடை வந்தப்ப, நட்ட வயல்ல காலு வைக்காதீங்கடான்னு சொன்னீங்களா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"யாரும்மா சொன்னது? நாத்தப் பிடுங்கி வழிவிட்டேன்ல. நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா, பொஸ்தகத்துலயே இருக்கே" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர். படித்திருக்கிறாராம். மகள் வாங்கிக் கொடுத்தாளாம்.

பெரியவர் பொய் சொல்லவில்லை. தான் நல்லவர் என்று அச்சில் படித்தார், நம்பிவிட்டார். அவருக்கு எதிராக நான் கூட்டிவர ஒரே சாட்சி அண்ணன். அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

திரும்பி நடந்தபோது ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். ஊருக்கெல்லாம் பொய் போய்ச் சேர்ந்துவிட்டது, அதைத் திருப்பி வாங்க முடியாது. அம்மாவுக்காவது உண்மை போக வேண்டும். இடுகாட்டில் யாரோ ஒருத்திக்குப் பக்கத்தில் அவளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, புருஷன் பக்கத்தில் கிடக்கிறாள் என்று நாங்கள் தலைக்குக் குளித்துவிட்டு வர முடியாது. அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்றுகொண்டே வந்தான். செத்துப்போகிற மனுஷிக்கு எதுக்கு இது என்றான். செத்துப்போகிறவளுக்குத்தான் இது வேண்டும் என்றேன்.

அண்ணி காமாட்சி விளக்கு ஏற்றியிருந்தாள். அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சத்தம் கேட்டதும், "எடம் இருக்காடி?" என்றாள். தண்ணீர் குடிக்கிறாயா, வெயிலில் போனாயே என்றெல்லாம் கேட்கவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாடை கவிழ்ந்ததைச் சொல்லும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் சேற்றைக் கழுவினான் என்றபோது கையை நீட்டினாள். வாசற்படியில் நின்ற அண்ணன் கிட்டே வரவில்லை. வாய்க்கால் கரை என்றேன். தூர் வாரிவிட்டார்கள் என்றேன். நாவலில் இப்படி ஒரு காட்சி வந்திருந்தால், அவள் ஒப்பாரி வைத்தாள் என்று எழுதியிருப்பேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. மூச்சு மட்டும் வேகமாக வந்தது. நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பயம் பிடித்துக்கொண்டது. கையைப் பிடித்துத் தேய்த்தேன்.

அவள் கண்ணைத் திறந்து கேட்டது என்னையல்ல.

"அந்த மண்ண எங்கடா கொட்டினாங்க?"

வாய்க்கால் மண் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். கரையில் கிடக்கும், ரோட்டோரம் போகும், இல்லையென்றால் யாராவது பள்ளம் தூர்க்க ஏற்றிக்கொண்டு போவார்கள். எனக்குத்தான் அதைக் கேட்கத் தோன்றவில்லை. அண்ணன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, ஒன்னைத்தான் கேக்குறேன்."

"மத்த மண்ணெல்லாம் ரோட்டோரம் போச்சும்மா." குரல் உடைந்தது. "மிஷின்காரனுக்கு மொதல்ல தெரியல. நான் பாத்துட்டேன். அன்னிக்கு அப்பாவுக்கு நான் கட்டிவிட்ட வேட்டி, கரை வச்ச வேட்டி, அது கொஞ்சம் மக்காம இருந்துச்சு. ரோட்டோரம் கொட்ட மனசு வரல. இடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போனா தெருவுக்கே தெரியும், ஒனக்கும் தெரிஞ்சிரும். அந்த எடத்து மண்ண மட்டும் ஒரு டிராக்டர் ஏத்திட்டு வந்துட்டேன்."

"எங்க?"

"அப்ப வீட்டுக்கு அஸ்திவாரம் ரொப்பிக்கிட்டு இருந்தோம்ல."

அண்ணி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரண்டி இருந்தது. "எந்த வீட்டுக்கு?" என்றாள். அந்தத் தெருவில் அவர்கள் கட்டியது ஒரே வீடுதான்.

"இந்த ரூமுலதான்" என்றான் அண்ணன். "வேற யாருக்கும் தெரியாது."

அண்ணி காலடியைப் பார்த்தாள். தினமும் இரண்டு வேளை கூட்டித் துடைக்கிற தரை. பிள்ளைகளுக்குத் தூளி கட்டி ஆட்டிய இடம். வாயைப் பொத்திக்கொண்டு, தரையில் முழுப் பாதமும் படாமல் ஓரமாக நடந்து வெளியே போனாள். தெருவில் அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "இத்தன வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்று அழுகிற சத்தம். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் கால் கூசியது. தூக்கிக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டேன். என் அப்பாதான் என்றாலும் கூசியது.

அம்மா கட்டில் விளிம்புக்கு முகத்தைத் திருப்பித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை டைல்ஸ். மூலையில் பேரனின் கிரிக்கெட் மட்டை சாய்ந்திருந்தது.

"என்னைக் கீழ எறக்குங்க" என்றாள்.

"அம்மா, வேணாம்மா" என்றான் அண்ணன். எங்கள் பக்கம் உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒருவரைக் கட்டிலிலிருந்து தரையில் இறக்குவார்கள். பேசிக்கொண்டிருக்கிற ஆளை யாரும் இறக்க மாட்டார்கள். "நல்லாத்தானே இருக்க. இன்னும் எவ்வளவோ நாளு இருக்கு. வேணாம்."

"எறக்குடான்னா."

நான் தலைப் பக்கம் பிடித்தேன். அண்ணன் கால் பக்கம். இடுப்பு வலியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், முனகவில்லை. பாயை விரிக்கப் போனான், வேண்டாம் என்றாள். வெறும் தரையில் படுக்க வைத்தோம். உள்ளங்கையைக் கவிழ்த்து டைல்ஸில் வைத்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள் மாதிரி.

"அவரு தலை எந்தப் பக்கம்டா இருக்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். மிஷின் அள்ளி, டிராக்டர் கவிழ்த்து, நாலு பேர் மண்வெட்டியால் இழுத்துப் பரப்பிய மண். அதற்குத் தலை ஏது, கால் ஏது.

"தெக்கம்மா" என்றேன் நான். "தெக்க தலை வச்சித்தான் இருக்காரு. சுவரோரமா."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு கையை ஊன்றி, இடுப்பை இழுத்து இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குப் பக்கத்தில் நகர ஆரம்பித்தாள்.